இளையவர் சுட்டிக்காட்டிய பிழை: ஏற்றுக்கொள்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

மெய்ப்புக்காரர்:

நான் 22 ஆண்டுகளாக நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன். சென்ற மாதம் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும், அதற்குப் பிறகு என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியையும் இங்கே வைக்கிறேன்.

பக்க வடிவமைப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஒருவர், அச்சுக்குப் போகவிருந்த ஒரு கதைத் தொகுப்பின் தாள்களோடு என் மேசைக்கு வந்தார். ‘பூக்களைக் கோத்து’ என்று ஆசிரியர் எழுதியிருந்த இடத்தில் நான் சிவப்பு மையால் ஒரு ‘ர்’ நுழைத்து, ‘கோர்த்து’ என்று ஆக்கியிருந்தேன். அந்தத் தொகுப்பில் மட்டும் ஏழு இடங்கள். “சார், ‘கா’ என்பது ‘காத்து’ என்றும், ‘பூ’ என்பது ‘பூத்து’ என்றும்தானே ஆகின்றன? ‘கோ’ மட்டும் ஏன் ‘கோர்த்து’ ஆக வேண்டும்?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், “கணினியில் தினமும் கோப்பைத்தானே திறக்கிறோம், கோர்ப்பை இல்லையே” என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

அவர் சொன்னது சரி என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பு, கோவை என்று அந்த வேரிலிருந்து பிறந்த சொற்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றில்கூட ‘ர்’ இல்லை. ஆனால், அந்தப் பதட்டத்தில் என் வாயிலிருந்து வந்தது வேறு. “இரண்டு வடிவமும் வழக்கில் உண்டு அம்மா, இங்கே நாம் இப்படித்தான் போடுகிறோம்” என்றேன். அவர் “சரி சார்” என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த ஏழு இடங்களையும் நானே யாருக்கும் தெரியாமல் பழையபடி ‘கோத்து’ என்று மாற்றி வைத்தேன்.

ஆக, ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஆனால் யாரிடம் கற்றுக்கொண்டேனோ அவரிடம் அதைச் சொல்லவில்லை. அடக்கமான மனிதர் என்றுதான் என்னை எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நூல் பிழையில்லாமல் வந்துவிட்டது, பிறகென்ன என்று விட்டுவிடலாமா?

இரவுப்பணி:

ஐயா, நூல் பிழையில்லாமல் வந்தது அந்த ஒரு முறைக்குத்தான். அடுத்த முறை அந்தப் பெண் உங்கள் மேசைக்கு வருவாரா என்பதை யோசித்துப் பாருங்கள்.

நான் அறுவை அரங்கில் செவிலியராக 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள். எங்கள் வேலையில் சரியான தகவல் பெரும்பாலும் அறைக்குள் யாராவது ஒருவரிடம் இருக்கும். அது கத்தியைப் பிடித்திருப்பவரின் காதுக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காமலேயே ஒரு விமானம் ஓடத் தொடங்கியபோது, எதிரிலுள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டது குரல்பதிவில் இருக்கிறது. விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். அவர் தம் விமான நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், மற்ற விமானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வானொலியில் இரண்டு பேச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவில்லாமல் போனது உட்படக் காரணங்கள் வேறு பலவும் உண்டு என்றாலும், அந்த ஒற்றைக் கேள்வியும் அதற்கு வந்த பதிலும் என்னால் மறக்க முடியாதவை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இளைய விமானி தயங்காமல் சொல்லவும் மூத்தவர் நின்று கேட்கவும் முறையாகப் பயிற்சி தரத் தொடங்கினார்கள்.

மருத்துவத்தில் இதற்கு இணையாக வந்தது, உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். முதல் கீறல் போடுவதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஒரு முறை வாய் திறந்து பெயரைச் சொன்னவருக்கு, பிறகு ஒரு தவறைக் கண்டால் மறுபடி வாய் திறப்பது எளிதாகிறது. எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். ஒரு முறை தையல் போடத் தொடங்கும் நேரத்தில் என் கணக்கில் ஒரு காஸ் துணி குறைந்தது. மீண்டும் எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். அப்போதும் ஒன்று குறைந்தது. மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அறுவை மருத்துவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டார். கடைசியில் அந்தத் துணி ஒருவருடைய காலணிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் என்னைப் பாராட்டவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கணக்கைக் கேட்காமல் அவர் தையல் ஊசிக்குக் கை நீட்டியதில்லை. மற்றபடி அவர் ஒன்றும் இனிமையான மனிதர் அல்லர். அரங்கில் அவருடைய கோபம் பெயர்போனது. இருந்தும், நான் பார்த்தவர்களில் பணிவானவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

எதிர்க்கேள்வி:

கொஞ்சம் மாறுபட்டுப் பேச அனுமதியுங்கள். பணிவு என்னும் சொல்லே எனக்கு ஐயத்தைத் தருகிறது. பணிவாக இரு என்று மேலாளர் ஊழியரிடம் சொல்வார், மூத்தவர் இளையவரிடம் சொல்வார். எதிர்த்திசையில் அந்த அறிவுரை போனதாக நான் கேட்டதில்லை. மெய்ப்புக்காரர் சொன்ன நிகழ்ச்சியிலேயே பாருங்கள்: “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணைத்தான் ஊர் பணிவானவர் என்று சொல்லும்.

இரண்டாவதாக, எல்லோரிடமும் கற்கலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு துறையில் முப்பது ஆண்டுகள் உழன்றவரையும் நேற்று ஒரு காணொளி பார்த்துவிட்டு வந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதற்கும் இதே வாசகம்தான் பயன்படுகிறது. கேட்க மறுப்பவரைச் செருக்கர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, செவிலியர் அம்மாவிடம் ஒரு திருத்தம். அந்தப் பட்டியலைப் பற்றி 2014இல் கனடாவின் ஒன்டாரியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வில், பட்டியல் வந்த பிறகு இறப்போ சிக்கல்களோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இரவுப்பணி:

அந்த ஆய்வை நான் படித்ததில்லை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி. ஆனால் எனக்கு அது வியப்பாக இல்லை. எல்லோரும் வாய் திறக்க வேண்டிய பட்டியலை ஒருவரே மூலையில் நின்று மளமளவென்று ‘டிக்’ அடித்து முடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தாள்தான் நிரம்பும். முன்பு நான் சொன்ன எண்கள் ஒரு பாதிதான் என்பதை ஏற்கிறேன்.

ஏட்டுப்படிப்பு:

எதிர்க்கேள்வியாரின் முதல் புகாரில் உண்மை இருக்கிறது. மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் நன்னூல் நூற்பாவில் ‘சித்திரப் பாவையின் அத்தக அடங்கி’ என்று ஒரு தொடர் வருகிறது. ஓவியத்தில் எழுதிய பாவைபோல அசையாமல் அடங்கி இருக்க வேண்டும் என்பது பொருள். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, இதுதான் நம் மரபு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அதே நன்னூல் அடுத்துப் போடும் கணக்கை யாரும் பேசுவதில்லை. ஆசிரியர் சொன்னதை ஒருவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார் பவணந்தியார். உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். மீதிப் பாதி, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். அதாவது ஆசான் என்னும் உயரத்திலிருந்து வருவது நான்கில் ஒரு பங்கு. மற்ற மூன்று பங்கும் நமக்குச் சமமானவர்களிடமும் நம்மிடம் கேட்க வந்தவர்களிடமும் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். நன்றாகத் தெரியும் என்று நாம் நினைத்திருந்த ஒன்றில், பின்வரிசையிலிருந்து எழும் ஒரு வெள்ளந்தியான கேள்வி ஓட்டை போட்டுவிடும்.

பணிவு எப்போதும் கீழே இருப்பவருக்கே சொல்லப்படுகிறது என்பதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ‘பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’ என்னும் புறநானூற்று அடியை எழுதியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னர். பின்னால் நிற்பதை வெறுக்காமல் கற்க வேண்டும் என்கிறார். எங்கு போனாலும் முன்னால் நிற்கும் உரிமை பெற்ற ஒருவர் அதைச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு அந்த அடியில் பிடித்தது.

எதிர்க்கேள்வி:

கால், கால், பாதி என்ற கணக்கு எனக்குப் புதிது, அதை எடுத்துக்கொள்கிறேன். மன்னர் சொன்னது சரி, எத்தனை மன்னர்கள் அப்படி நின்றார்கள் என்பது வேறு கேள்வி. அதை விடுங்கள். யாரிடம் கற்பது, யாரைத் தள்ளுவது என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்:

அதற்கு என்னால் இயன்ற பதில்: சொல்பவரைப் பார்த்து அல்ல, அவர் காட்டும் சான்றைப் பார்த்துப் பிரிக்கலாம். வடிவமைப்பாளர் பெண் தம் வயதையோ படிப்பையோ சொல்லவில்லை. கா, பூ, கோப்பு என்று யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய மூன்று சொற்களை வைத்தார். காணொளி பார்த்துவிட்டு வருபவரும் அப்படி எதையாவது மேசைமேல் வைக்கட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம்.

சான்று இருந்தும் கேட்காததற்குப் பெரிய எடுத்துக்காட்டு, வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ். அங்கே இரண்டு பேறுகாலப் பிரிவுகள். மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் 1846இல் தாய்மார்களில் சுமார் 11 விழுக்காட்டினர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பிணக்கூறாய்வு செய்த கையோடு மருத்துவர்கள் பேறு பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டு, 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்த எண்களை ஏற்றுக்கொண்டால், இத்தனை காலமும் தங்கள் கையே கொன்றது என்றும், மருத்துவச்சிகளின் பிரிவு தங்கள் பிரிவைவிடப் பாதுகாப்பானது என்றும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவர்களில் பலரால் அது முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திவிடுவார்கள். செம்மல்வைஸின் நடத்தையும் இதில் அடங்கும். தம் முறையை விளக்கி முழு நூலாக அவர் எழுதியது 1861இல்தான். அதுவரை பெரும்பாலும் பிறர்தான் அவருக்காகப் பேசினார்கள். அதன் பிறகு, மறுத்தவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி அவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடினார். 1865இல் மனநல விடுதி ஒன்றில் இறந்தார். அவர் பக்கம் உண்மை இருந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் ஏன் நம்பவில்லை என்று நின்று கேட்கும் பொறுமை அவருக்கும் இல்லாமல் போனது. அவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிருமிகளைப் பற்றிய அறிவே அப்போது முதிர்ந்திருக்கவில்லை. சரியாகச் சொல்பவருக்கும் இந்தக் குணம் வேண்டியிருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு:

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த இழையில் எல்லோரும் திருத்தப்படுபவரின் இடத்திலிருந்தே பேசுகிறீர்கள். மறுபக்கத்தில் நிற்பவளாக ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

ஒரு பிழையை மூத்தவரிடம் சொல்வதற்கு முன் நான் மூன்று முறை சரிபார்க்கிறேன். பிறகு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசிக்கிறேன். ‘எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது’ என்று பொய்யாகத் தொடங்குவேன். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போவேன். இவ்வளவும் செய்த பிறகு, “இங்கே இப்படித்தான்” என்று ஒரு பதில் வந்தால், அடுத்த பிழையைப் பார்க்கும்போது என் கை தானாகவே பக்கத்தைத் திருப்பிவிடும். கோபத்தால் அல்ல, அலுப்பால். என் முதல் வேலையில் நான் அப்படித்தான் ஆனேன். என்னைப் பற்றி அங்கே எழுதிய மதிப்பீட்டில் ‘பணிவானவர்’ என்று இருந்தது.

மெய்ப்புக்காரர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது: நீங்கள் மாலையில் யாருக்கும் தெரியாமல் மாற்றியது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகத் தாளைப் பார்ப்பவர் வடிவமைப்பாளர்தானே?

கணக்கன்:

இரண்டாம் ஆண்டு எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய இடத்தில் இருப்பவர் பகிரங்கமாக இறங்கி வந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

1922இல் அலெக்சாந்தர் ஃபிரீட்மன் என்னும் ரஷ்யக் கணிதர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளின்படியே பேரண்டம் காலத்தோடு விரியவோ சுருங்கவோ கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆய்விதழில் ஐன்ஸ்டைன் ஒரு சிறு குறிப்பு எழுதி, அந்த முடிவு சரியல்ல என்றார். ஃபிரீட்மன் தம் கணக்கை விளக்கிக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஃபிரீட்மனின் நண்பரான குருத்கோவ் ஐன்ஸ்டைனை நேரில் சந்தித்து விளக்கிய பிறகு, ஐன்ஸ்டைன் அதே இதழில் மீண்டும் எழுதினார்: தம் மறுப்பு ஒரு கணக்குப் பிழையின்மேல் நின்றது, ஃபிரீட்மனின் முடிவுகள் சரியானவை என்று. சில வரிகள்தான். மறுப்பு எங்கே அச்சானதோ அங்கேயே ஒப்புதலும் அச்சானது; எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

ஆனால் அவரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கணக்கை ஏற்றார், விரியும் பேரண்டத்தை ஏற்கவில்லை. 1927இல் பெல்ஜிய இயற்பியலாளர் லெமெத்ர் அதே முடிவோடு வந்தபோதும், கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில்தான் பேசினார். 1931 வாக்கில்தான் முழுமையாக இறங்கி வந்தார். ஃபிரீட்மன் 1925லேயே இறந்துவிட்டார். பெரியவர்களுக்கும் இது தவணை முறையில்தான் வருகிறது போலும்.

எதிர்க்கேள்வி:

தவணை முறை என்பது எனக்கும் பொருந்துகிறது. செருக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திறன் குறைந்தவர்கள் தங்களை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்று சொல்லும் டன்னிங், குரூகர் என்னும் உளவியலாளர் இருவரின் 1999ஆம் ஆண்டு ஆய்வை எடுத்து எதிராளியின்மேல் வீசுவார்கள், நானும் வீசியிருக்கிறேன். பிறகொரு நாள் மூலக் கட்டுரையைப் படித்தேன். இணையத்தில் சுற்றும் அந்த மலையும் பள்ளமுமான வரைபடம் அதில் இல்லவே இல்லை. தேர்வுகளில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் உண்மையான இடம், கீழிருந்து எண்ணினால், நூற்றுக்குச் சுமார் 12. அவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட இடம் சுமார் 62. இது புள்ளியியல் தோற்றமாகவும் இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் கட்டுரையின் கடைசிச் சோதனைதான் என்னை நிறுத்தியது. அவர்களுக்குத் தருக்கத்தில் ஒரு சிறு பயிற்சி கொடுத்ததும், தங்கள் முந்தைய விடைகளின் தரத்தை முன்னைவிடச் சரியாக மதிப்பிட்டார்கள். பணிவைப் பற்றி அவர்களுக்கு யாரும் உபதேசிக்கவில்லை. பாடம்தான் நடத்தினார்கள்.

ஏட்டுப்படிப்பு அவர்கள் என்னை மன்னிக்கட்டும், அவர் துறைக்குள் நுழைகிறேன். ‘நுணங்கிய கேள்வியர் அல்லார் வணங்கிய வாயினர் ஆதல் அரிது’ என்ற குறளை இத்தனை நாளும் தலைகீழாகப் படித்திருக்கிறேன். வணக்கம் இருந்தால் கேள்வி வரும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. கூர்ந்து கேட்காதவருக்கு வணங்கிய வாய் வராது என்கிறார், கேட்பதுதான் முதலில். பணிவாக இரு என்னும் உபதேசத்தின்மீது எனக்கிருந்த எரிச்சலுக்கு இப்போதுதான் காரணம் புரிகிறது.

ஏட்டுப்படிப்பு:

நுழைந்ததில் தவறில்லை. அது ‘கேள்வி’ அதிகாரத்தில் இருக்கிறது, ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தில் அல்ல என்பதையும் உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை அப்படி யோசித்ததில்லை.

மெய்ப்புக்காரர்:

நான்கு நாள்களாக எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு எழுதியதைப் படித்த மறுநாள், அந்தப் பெண்ணின் மேசைக்கு நானே போனேன். தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அன்று அவர் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது, இதுவும் விழட்டும் என்று நண்பகலில் போனேன். “நீங்கள் சொன்னதுதான் சரி. இரண்டு வடிவமும் உண்டு என்று நான் சொன்னது சமாளிப்பு” என்றேன். இவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

அவர் “தெரியும் சார், மாற்றியதைப் பார்த்தேன்” என்றார். இரண்டாம் ஆண்டு சரியாகத்தான் கணித்திருந்தார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். அதில் பதினொரு ஐயங்கள் வரிசையாக எழுதியிருந்தன. எல்லாம் அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் கேட்காமல் விட்டவை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்தில் அவர் சொன்னது சரி. நான்கில் அவர் தவறு, நான் காரணம் சொன்னேன், எழுதிக்கொண்டார். இரண்டுக்கு எங்கள் இருவருக்குமே விடை தெரியவில்லை. அகராதியை எடுத்தோம், அதிலும் ஒன்று இன்னும் தீரவில்லை.

சரியாக இருந்த அந்த ஐந்தில் மூன்று, ஏற்கெனவே அச்சாகி வெளியே போய்விட்ட பக்கங்களில் இருக்கின்றன. மறுபதிப்புத் திருத்தப் பட்டியலில் அவற்றைச் சேர்த்து, கண்டுபிடித்தவர் என்னும் இடத்தில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். பட்டியலில் அப்படியொரு இடம் இதுவரை இருந்ததில்லை, நானாகக் கோடு போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு:

ஐயா, மிக்க மகிழ்ச்சி. ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று முதல் நாளிலிருந்தே தயங்கிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் பதிவில் ‘அந்தப் பதட்டத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்தானே?

மெய்ப்புக்காரர்:

பதற்றம்தான். அகராதியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முதல் பதிவைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். வேறு ஏதும் கண்ணில் பட்டதா?